தசைகள் சோரும்போது: ஒரு நோய்க்குப் பின்னால் இன்னொரு நோய்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டிச் செட்டிகுளத்தில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில், ஒரே வகுப்பில் படித்த மூவர் சேர்ந்து ஆற்றிய உரை)



சுகாதாரக் கருத்தரங்கு என்றதும் நீரிழிவு, பிரஷர், சிறுநீரகம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி எங்களை விட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நாங்கள் மூவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். எங்களில் எவரும் டொக்டர் அல்ல. ஆனால் எங்களில் ஒருத்திக்குத் தசைகளைச் சோர வைக்கும் நோய் ஒன்றல்ல, இரண்டு சேர்ந்து வந்தன. மற்ற இருவரும் அவளோடு வருடக்கணக்காகக் கிளினிக் வாங்குகளில் காத்திருந்தோம். அங்கே படித்ததைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

அந்த ஒருத்தி எவள் என்று சொல்லப் போவதில்லை. அது அவளுடைய வேண்டுகோள். அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள். தாயின் வருத்தத்தை மகளின் சாதகத்தோடு சேர்த்து வைத்துப் பார்ப்பவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். இந்த நோய் தாயிடமிருந்து மகளுக்கு நேரே இறங்கும் ஒன்றல்ல. சில குடும்பங்களில் இந்த வகை நோய்களுக்கான சாய்வு சற்றுக் கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான். இதைச் சொன்னாலும் கேட்பவர்கள் எத்தனை பேர்? ஆகையால் மேடையில் நிற்கும் மூவரையும் பார்த்து நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஊகித்ததை வெளியே சொல்லாதிருந்தால் போதும்.

அவளுக்கு முதலில் போனது குரல். இரவில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கும்போது குரல் தெளிவாக இருக்கும். அரை மணித்தியாலம் போனதும் மூக்கால் பேசுவது போலாகிவிடும். பிள்ளை சிரிக்கும். பிறகு கண் இமை ஒன்று சரிந்தது. காலையில் நேராக இருக்கும் இமை, பின்னேரம் நான்கு மணிக்கு மேல் பாதிக் கண்ணை மூடும். றோட்டில் வரும் ஒரு பஸ் இரண்டாகத் தெரியும். தலை சீவக் கையை உயர்த்தினால் பாதியில் கை கீழே வந்துவிடும். இறைச்சியைச் சப்பிக்கொண்டிருக்கும்போதே தாடை ஓய்ந்துவிடும். நித்திரை இல்லை என்றார்கள், கண்ணூறு என்றார்கள். வீட்டு வேலைக்குக் கள்ளம் என்று சொன்னவர்களும் உண்டு. காலையில் நெல் அவித்தவள் பின்னேரம் ஒரு வாளி தண்ணீர் தூக்க மாட்டேன் என்றால், பார்ப்பவர்களுக்கு அது கள்ளம் போலத்தானே தெரியும்!

களைப்பும் தசைப் பலவீனமும் ஒன்றல்ல என்பதை நாங்கள் விளங்கிக்கொள்ள ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. களைத்தவளுக்கு வேலை செய்ய மனம் வராது, ஆனால் செய்தால் முடியும். பலவீனமானவளுக்கு மனம் இருக்கும், தசை கேட்காது. அதிலும் செய்யச் செய்யக் குறைந்து, ஓய்வெடுத்தால் திரும்பி வரும் பலம் ஒரு குறிப்பிட்ட நோயின் அடையாளம். 1672 ஆம் ஆண்டிலேயே தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் இப்படி ஒரு பெண்ணைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். பேசத் தொடங்கும்போது நன்றாகப் பேசும் அந்தப் பெண், நெடுநேரம் பேசினால் ஒரு சொல்லும் வராமல் ஊமையாகிவிடுவாளாம். ஒன்றிரண்டு மணித்தியாலம் கழித்துக் குரல் திரும்புமாம். அதைக் கேட்டபோது எங்கள் தோழி, "அந்தப் பெண்ணையும் கள்ளி என்றுதான் சொல்லியிருப்பார்கள்" என்றாள். வில்லிஸ் அப்படிச் சொல்லவில்லை. அவளை நல்லொழுக்கமுள்ள பெண் என்றே குறித்திருக்கிறார்.

ஆனால் எங்கள் தோழிக்கு முதலில் கண்டுபிடிக்கப்பட்டது அந்த நோய் அல்ல. அவள் மெலிந்திருந்தாள், கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, கழுத்தில் சிறிய கழலையும் இருந்தது. இரத்தம் சோதித்தார்கள். தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறது என்று வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது, குளிசையும் கிடைத்துவிட்டது. தைரொயிட் கூடினால் தசை பலவீனமாகும் என்பது உண்மை. கண்ணைப் பாதித்து இரண்டாகத் தெரியச் செய்யும் என்பதும் உண்மை. ஆகவே கண்ணும் கையும் காலும் குரலும் அந்த ஒரு பெயருக்குள் அடக்கப்பட்டன. நாங்களும் அதை ஏற்றுக்கொண்டோம்.

கொடுத்த குளிசைகள் இரண்டு. ஒன்று சுரப்பியை அடக்கும் கார்பிமசோல். மற்றது படபடப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும் புரொப்பிரனலோல். தைரொயிட் மட்டும் என்றால் இரண்டும் சரியான மருந்துகளே. படபடப்பு நின்றது. ஆனால் சில நாட்களுக்குள் இரண்டு இமைகளும் சரிந்தன. தண்ணீர் குடித்தால் மூக்கால் வந்தது. மருந்து ஏறுகிறது, பொறுத்திருங்கள் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். பொறுத்திருந்தோம். அந்தப் பொறுமையை நினைத்தால் இப்போதும் எங்களுக்கு உள்ளுக்குள் நடுங்கும்.

பிறகு இன்னோர் இடத்தில் ஓர் இளம் டொக்டர், மருந்து எழுதப் பேனையை எடுக்காமல், தன் விரலை உயரப் பிடித்து அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் இமைகள் திரை விழுவது போல இறங்கின. ஐஸ் கிடைக்குமா என்று கேட்டார். வார்ட்டில் இல்லை. எங்களில் ஒருத்தி மீன்கடைக்கு ஓடிப்போய் ஒரு பையில் கொண்டுவந்தாள். மீன் மணத்தோடு இருந்த அந்த ஐஸைத் துணியில் சுற்றி, மூடிய இமையின் மேல் இரண்டு நிமிடம் வைத்தார்கள். எடுத்தபோது அந்தக் கண் திறந்தது, மற்றது சரிந்தபடியே இருந்தது. குளிரில் நரம்பு தசைக்குச் சொல்லும் செய்தி சற்று நன்றாகப் போய்ச் சேரும், அதனால்தான் இப்படி என்று விளக்கினார். நோயின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். இரத்தப் பரிசோதனையும் நரம்புப் பரிசோதனையும் பின்னர் அதை உறுதி செய்தன.

உயிரியல் வகுப்பில் நிர்ப்பீடனம் படித்தது நினைவிருக்கும். கிருமியைத் தாக்க வேண்டிய பிறபொருளெதிரிகள் சொந்த உடலையே தாக்கினால் அது தன்னெதிர்ப்பு நோய். நரம்பின் முனையிலிருந்து அசற்றைல்கோலின் என்ற பொருள் வெளியே வந்து, தசையிலுள்ள வாங்கிகளில் பொருந்தும்போதுதான் தசை சுருங்குகிறது. மயஸ்தீனியாவில் அந்த வாங்கிகள் தாக்கப்படுகின்றன. தைரொயிட் கூடும் கிரேவ்ஸ் நோயில் பிறபொருளெதிரிகள் சுரப்பியை ஓயாமல் தூண்டுகின்றன. தைரொயிட் குறையும் ஹஷிமோற்றோ நோயில் சுரப்பி அழிக்கப்படுகிறது. மயோசைற்றிஸ் என்றால் தசையே அழற்சியடைகிறது. அதில் தொடையும் தோளும் முதலில் போகும், நிலத்தில் குந்தினால் எழும்ப முடியாது, சிலருக்குத் தோலிலும் தடிப்பு வரும். சென்னையில் பிறந்த நடிகை சமந்தா 2022 ஒக்ரோபரில் தனக்கு மயோசைற்றிஸ் என்று அறிவித்ததை நீங்கள் வாசித்திருப்பீர்கள். அமிதாப் பச்சனுக்கு எண்பதுகளில் வந்தது மயஸ்தீனியா. இவ்விரு பெயர்களையும் நாங்கள் அடிக்கடி பயன்படுத்துவோம். சினிமாக்காரருக்கும் வந்தது என்றால்தான் ஊரில் கள்ளம் என்று சொல்வதை நிறுத்துகிறார்கள்.

இந்த நோய்கள் ஒன்றையொன்று தேடி வருவதில் ஆச்சரியமில்லை. மயஸ்தீனியா உள்ள 100 பேரில் 10 முதல் 20 பேர் வரையில் வேறொரு தன்னெதிர்ப்பு நோயும் இருக்கும். அவற்றில் முதலிடம் தைரொயிட்டுக்கு. வாத மூட்டழற்சி, லூபஸ், மயோசைற்றிஸ் ஆகியனவும் சேரலாம். மயஸ்தீனியா தன்னெதிர்ப்பு நோய் என்ற எண்ணத்துக்கு வழிகாட்டியதும் இந்தச் சேர்க்கைதான். 1960 இல் ஜோன் சிம்ப்சன் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர், தன் நோயாளிகளுக்குத் தைரொயிட்டும் மூட்டு வாதமும் தற்செயலை விட அதிகமாக இருப்பதைக் கவனித்து, இதுவும் அந்த இனத்தைச் சேர்ந்ததே என்று எழுதினார். 1973 இல் அமெரிக்காவில் பற்றிக், லின்ட்ஸ்ரோம் என்ற இருவர், மின்விலாங்கிலிருந்து எடுத்த வாங்கிகளை முயல்களுக்கு ஏற்றினார்கள். முயல்கள் சோர்ந்து விழுந்தன. சிம்ப்சன் சொன்னது சரியென்று தெரிந்தது. இரண்டாவது நோயை அவர் தொல்லையாக எண்ணி ஒதுக்கவில்லை, தடயமாக எடுத்துக்கொண்டார். நாங்கள் அதை ஒரு பெயருக்குள் போட்டு மூடினோம்.

மருந்தின் கதையில் ஒரு பெண் வருகிறார், அவரைச் சொல்லாமல் விட மனமில்லை. 1934 இல் லண்டன் கிரினிச்சில் உள்ள சென்ற் அல்பீஜ் வைத்தியசாலையில் மேரி வோக்கர் என்பவர் உதவி வைத்தியராக இருந்தார். பேராசிரியருமல்ல, நிபுணருமல்ல. இந்த நோயாளிகள் கியூராரே என்னும் அம்பு நஞ்சு ஏறியவர்கள் போல இருக்கிறார்களே, அந்த நஞ்சுக்கான மாற்று மருந்து இவர்களுக்கும் உதவாதா என்று யோசித்து ஊசி போட்டுப் பார்த்தார். சரிந்த இமை உயர்ந்தது. இன்று எங்கள் தோழி விழுங்கும் பிரிடோஸ்டிக்மின் அந்த வழியில் வந்த மருந்துதான். அரை மணித்தியாலத்தில் வேலை செய்யத் தொடங்கும், மூன்று நான்கு மணித்தியாலம் நிற்கும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முன்னர் எடுத்தால் சப்பவும் விழுங்கவும் பலம் இருக்கும். சாப்பிட்ட பின் குளிசை என்று பழகிய நமக்கு இதை மாற்றிக்கொள்வது அவ்வளவு இலகுவல்ல.

புரொப்பிரனலோலை உடனே நிறுத்தினார்கள். அது மயஸ்தீனியாவைக் கூட்டக்கூடிய மருந்து. ஒரு நோய்க்கு நல்லது மற்றதற்குக் கெடுதி என்பதை அன்றுதான் முதன்முதலில் கேட்டோம். அதன் பிறகு ஒவ்வொரு மருந்தையும் கேட்டுக் கேட்டு எழுதத் தொடங்கினோம். ஊசியாகப் போடும் ஜென்ராமைசின், காய்ச்சலுக்கும் சலக்கடுப்புக்கும் கொடுக்கும் சிப்புரோபுளொக்சசின், இருமலுக்குக் கொடுக்கும் அசித்ரோமைசின் ஆகியன மயஸ்தீனியாவில் கவனத்துக்குரியவை. பிள்ளைப்பேற்று நேரத்தில் பிரஷர் ஏறினால் நாளத்தில் ஏற்றும் மக்னீசியம் சல்பேற்று மிகவும் ஆபத்தானது. கர்ப்பிணியான தங்கை ஒருத்திக்கு இந்த நோய் இருந்தால் முதலாவது மாதத்திலேயே கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று குளோரோகுயின். வன்னியில் வளர்ந்த எங்களுக்கு அந்தக் கசப்பு மறக்காது. காய்ச்சல் வந்தால் இரத்தம் குத்திப் பார்த்து, மலேரியாக் குளிசையைக் கையில் தந்துவிடுவார்கள். 2012 ஒக்ரோபருக்குப் பின் உள்ளூரில் தொற்றிய மலேரியா இலங்கையில் இல்லை, 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயின் இன்று லூபஸுக்கும் மூட்டு வாதத்துக்கும் தினமும் கொடுக்கப்படுகிறது. லூபஸுக்கு அது அருமையான மருந்து. கூடவே மயஸ்தீனியாவும் இருந்தால் டொக்டர் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இப்பெயர்களைக் கேட்டுவிட்டு, போட வந்த ஊசியை நீங்களாக மறுக்கக் கூடாது, எடுத்து வரும் குளிசையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. உயிர் போகும் தொற்று என்றால் அந்த மருந்தே தேவைப்படலாம். சொல்ல வேண்டியது நம் கடமை, நிறுத்துப் பார்ப்பது அவர்களுடைய வேலை.

தோழியின் கதை அதோடு முடியவில்லை. நெஞ்சு ஸ்கானில் தைமஸ் சுரப்பியில் கட்டி இல்லை என்று வந்தது. மயஸ்தீனியா உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்காவது அங்கே கட்டி இருக்கும் என்பதால் அந்த ஸ்கானைத் தவறவிடக் கூடாது. பிரெட்னிசலோன் தொடங்கினார்கள். அது முதல் ஒன்றிரண்டு வாரங்களில் பலவீனத்தைக் கூட்டலாம் என்பதால் சிறிய அளவில் தொடங்கி ஏற்றினார்கள். அசதயோபிரினும் சேர்ந்தது. அதன் பலன் தெரிய ஒரு வருடம் கூட ஆகலாம், அதுவரை இரத்தம் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் யாருக்கோ வாங்கிய அலோபியூரினோல் குளிசையை அதோடு சேர்த்து விழுங்கினால் இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்கு இறங்கும். ரயிலில் மதவாச்சி போய், பஸ் மாறி, பின்னேரம் திரும்பி வந்து, அடுத்த மாதம் மீண்டும் போய், அப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. நன்றாகவே இருந்தாள்.

பிறகு கால்கள் பாரமாகின. நிலத்திலிருந்து எழும்ப யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது. மயஸ்தீனியா கூடிவிட்டது என்று நாங்களே முடிவு செய்தோம். பிரிடோஸ்டிக்மினைக் கூட்டி எடுக்கலாமே என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். அவள் இதோ, தலையைக் குனிகிறாள். அந்த மருந்து மிஞ்சினாலும் தசை சோரும், வயிற்றோட்டமும் உமிழ்நீரும் கூடும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. நல்ல வேளையாகக் கிளினிக் நாள் வந்துவிட்டது. தசை நொதியம் இரத்தத்தில் உயர்ந்திருந்தது. மயோசைற்றிஸ் மூன்றாவதாக வந்துவிட்டதோ என்ற பேச்சு எழுந்தது. பிரெட்னிசலோனே நாள்பட்டால் தொடைத் தசையைக் கரைக்கும், ஆனால் அதில் நொதியம் உயர்வதில்லை. தசையில் துண்டு வெட்டிச் சோதிப்பதற்கு முன் தைரொயிட்டைப் பார்ப்போம் என்றார் டொக்டர். கார்பிமசோல் சுரப்பியைத் தேவைக்கு மேல் அடக்கி, தைரொயிட் மிகவும் குறைந்திருந்தது. குறைந்தாலும் தசை சோரும், நொதியமும் உயரும். மருந்தின் அளவைக் குறைத்தார்கள். இரண்டு மாதத்தில் அவள் தானாக எழும்பினாள்.

ஒரே பலவீனம், நான்கு காரணங்கள்! கூடிய தைரொயிட், மயஸ்தீனியா, குறைந்த தைரொயிட், மருந்து. வெளியில் பார்த்தால் எல்லாம் ஒன்றே. ஆகவே புதிதாகப் பலவீனம் வந்தால் எங்கே வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது, அதற்கு முன் எந்தக் குளிசை மாறியது என்ற மூன்றையும் அவள் இப்போது ஒரு கொப்பியில் எழுதுகிறாள். இமையா, தொண்டையா, தொடையா? காலையா, மாலையா? அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் டொக்டர்மார் பாதி முடிவை எடுக்கிறார்கள்.

வீட்டு விஷயம் கொஞ்சம். வெயில் இந்த நோய்க்கு ஆகாது, நம் ஊரிலோ வெயில்தான் இருக்கிறது. தண்ணீர் அள்ளுவதும் விறகு எடுப்பதும் விடியற்காலையில் முடிய வேண்டும். பெரிய சாப்பாடு மத்தியானம், இரவில் மெதுவானது. பிட்டை வெறுமனே விழுங்கப் பார்க்கக் கூடாது, சொதி விட்டு நன்றாகக் குழைக்க வேண்டும். தைரொயிட் குறைந்து தைரொக்சின் எடுப்பவர்கள் அதை வெறும் வயிற்றில் எடுப்பார்கள். பிரெட்னிசலோனால் எலும்பு தேயாமல் இருக்கக் கல்சியம் தருவார்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் தைரொக்சின் உடலில் சேராது, நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும்.

கனடாவிலும் லண்டனிலும் இருந்து இதை வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பார்சலில் சத்துக் குளிசை அனுப்புகிறீர்கள், அன்பு விளங்குகிறது. மக்னீசியம் உள்ளவையும், நிர்ப்பீடனத்தைக் கூட்டும் என்று விற்கப்படுபவையும் இவர்களுக்கு வேண்டாம். கூடிப்போன நிர்ப்பீடனத்தை அடக்கத்தானே இவ்வளவு பாடு! உங்களில் யாருக்காவது மயஸ்தீனியா இருந்தால், முகச் சுருக்கத்துக்குப் போடும் பொட்டொக்ஸ் ஊசியின் பக்கம் போக வேண்டாம். செட்டிகுளத்தில் இதைச் சொல்லத் தேவையில்லை, உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

ஆபத்து எப்போது? ஒரே மூச்சில் இருபது வரை எண்ண முடியாவிட்டால், படுத்தால் மூச்சு முட்டினால், எச்சிலை விழுங்க முடியாவிட்டால் அது கிளினிக் நாளுக்குக் காத்திருக்கும் விஷயமல்ல. 1990 சுவசரியவை அழைக்க வேண்டும். நோயாளி அமைதியாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பதறுவதற்குக்கூடத் தசை வேண்டுமே. வைத்தியசாலையில் இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிகளை வடித்தெடுக்கவோ நிர்ப்பீடனப் புரதம் ஏற்றவோ முடியும், மூச்சுக்கு இயந்திரமும் உண்டு. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பெரும்பாலானோர் மீண்டுவிடுவார்கள்.

கடைசியாகக் கடதாசி பற்றி. 2009 இல் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட நம் சனங்கள் இந்தப் பிரதேசத்தில்தான் இருந்தார்கள். என்ன குளிசை எடுத்தீர்கள் என்று கேட்டால், "சின்னன், வெள்ளை நிறம்" என்று சொன்ன கிழவிமாரை நாங்கள் கண்டிருக்கிறோம். கொப்பியும் துண்டும் வந்த வழியிலேயே போயிருந்தன. அதனால்தான் எங்கள் தோழி ஓர் அட்டையை நெகிழி உறையில் போட்டுப் பணப்பையில் வைத்திருக்கிறாள். அதில் அவளுடைய இரண்டு நோய்களின் பெயர், மருந்துகளும் அளவுகளும், கொடுக்க முன் யோசிக்க வேண்டிய மருந்துகள், கிளினிக்கின் பெயர், எங்கள் இருவரின் தொலைபேசி இலக்கம் எல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. பல் பிடுங்கப் போனாலும் அதைத்தான் முதலில் நீட்டுவாள்.

வெறுமையான அட்டைகள் வாசல் மேசையில் இருக்கின்றன. உங்களுக்குத் தேவையில்லாவிட்டாலும் அயலில் இமை சரிந்த ஒருத்தி இருந்தால் அவளுக்காக எடுத்துச் செல்லுங்கள். நிரப்பும்போது கிளினிக் டொக்டரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்க்க வேண்டும். கேள்விகளை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கேளுங்கள். சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது. எங்களில் ஒருத்திக்கு இப்போது குளிசை எடுக்கும் நேரம். எவள் என்று தெரியாமல் இருக்க மூவரும் சேர்ந்தே தண்ணீர் குடிக்கப் போகிறோம்.